யானைக்கு ஒன்பது பெயர்

முன்னொரு காலத்தில், யானைக்கு ஒன்பது பெயர் சொல்லத் தெரியாத ஒரு விகடகவி இருந்தான். அவன் வேறு யாருமில்லை, நான்தான். நாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். எனக்கு வேண்டியவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு எதற்கு என்னால் தலைகுனிவு?

என் சங்கடம் மிகச் சின்னது. காலையில் குளித்து உட்கார்ந்து பெயர்களை உருப்போடுவேன். வேழம், களிறு, கரி, கைம்மா, வாரணம், புகர்முகம், கறையடி, நால்வாய், குஞ்சரம். விரல் விட்டு எண்ணுவேன், ஒன்பதும் இருக்கும். மத்தியானம் சாப்பிடக் கை கழுவும்போது எண்ணினால் எட்டுத்தான் இருக்கும். காணாமற்போன ஒன்றைத் தேடிப் பிடித்து, அதை மட்டும் பத்துத் தரம் சொல்லிப் பத்திரப்படுத்துவேன். மறுநாள் அது பத்திரமாக இருக்கும், வேறொன்று போயிருக்கும். வாரணம் திரும்பி வந்த அன்று நால்வாயைக் காணோம். நால்வாயை இழுத்து வந்தால் கரி கிளம்பிவிட்டது. என் தலைக்குள் எட்டு யானை கட்டத்தான் இடமிருக்கிறது போலும் என்று முடிவு செய்தேன். இவ்வளவு பெரிய தலைப்பாகை கட்டியும் பயனில்லை.

தலை நரைத்தவன் நான். எனக்கு எதற்கு இந்த மனப்பாடம் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லாமல் கதை நகராது.

அரண்மனைக்குக் கிழக்கே அரசரின் பாடசாலை இருந்தது. எட்டு வயதில் ஒரே ஒரு முறை நுழைவுத் தேர்வு. நிலவுக்கு வேறு பெயர் என்ன, நீருக்கு வேறு பெயர் என்ன என்று ஒரே பொருளுக்கு வழங்குகிற பல சொற்களைக் கேட்பார்கள். சொன்னால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. என் மகள் செண்பகத்திடம் நாற்பது சொல் கேட்டார்கள். நாற்பதுக்கும் பிசகில்லாமல் சொன்னாள். அவளுக்கு அந்தப் பாடசாலையில் ஒரே ஒரு பொருள்மீது கண். அது நாழிகை வட்டில். செம்பால் ஆன கிண்ணம், அடியில் நுண்ணிய துளை. தண்ணீர்த் தொட்டியில் மிதக்க விட்டால் துளை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக நீர் ஏறும். கிண்ணம் முழுகினால் ஒரு நாழிகை. உடனே மணி அடிப்பார்கள்.

"துளையை இன்னும் கொஞ்சம் பெரிசாக்கினா நாழிகை சின்னதாயிடுமாப்பா?" என்று ஐந்து வயதில் என்னைக் கேட்டாள். மூன்று வருடமாக நான் பதில் சொல்லவில்லை. தெரியாதவன் எப்படிச் சொல்வான்? பாடசாலையில் சேர்ந்து அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்தேன்.

இந்த இடத்தில் அவைப் புலவர் ஆதிமூலனார் வருகிறார். அவருக்கு என்மேல் கோபம். அது நியாயமான கோபம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முந்தைய மாதம் அவர் அரசரை நிலவு என்று புகழ்ந்து பாடினார். ஒவ்வோர் அடியிலும் நிலவுக்கு ஒரு புதுப் பெயர். மதி, திங்கள், பிறை, அம்புலி என்று போய்க்கொண்டே இருந்தது. அவையில் எல்லோருக்கும் பசி. பன்னிரண்டாவது பெயர் வந்ததும் நான் எழுந்து, "மகாராஜா, பன்னிரண்டு நிலவு வந்து போய்விட்டது. ஒரு வருஷம் முடிந்தது. இனியாவது சாப்பிடப் போகலாமா?" என்றேன். அவை சிரித்தது. அரசர் எழுந்து சாப்பிடப் போனார். பாட்டில் இன்னும் இருபது அடி மிச்சம் இருந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

செண்பகம் தேறிய மறுநாள் ஆதிமூலனார் அரசர் முன் கைகூப்பி நின்றார்.

"அரசே, பிள்ளை பாடசாலையில் இருப்பது பகற்பொழுது மட்டுமே. மற்ற நேரமெல்லாம் வீட்டில் தகப்பன் பேச்சைத்தான் கேட்கிறது. தகப்பனுக்குச் சொல்வளம் இல்லையெனில் நாம் கற்பித்ததெல்லாம் வீண். ஆகவே பிள்ளையோடு தகப்பனையும் சோதித்தபின்பே இடம் அளிக்க வேண்டும்."

"தகப்பனையுமா? இது புதிதாக இருக்கிறதே!" என்றார் அரசர்.

எங்கள் அரசருக்கு ஒன்று புதிதாக இருந்தால் போதும், அது நல்லதா என்று பார்க்க மாட்டார். ஒரு முறை புதிதாக இருக்கட்டும் என்று அரண்மனைப் படிக்கட்டுக்கு நெய் பூசச் சொன்னார். முதலில் வழுக்கியவரும் அவரே.

"யாரிடம் தொடங்கலாம்?" என்றார்.

"சாத்தப்பனாரிடமே தொடங்கலாம். அவர் மகள்தானே முதலில் தேறியிருக்கிறாள்" என்றார் புலவர். என்னை 'சாத்தப்பனார்' என்று அவர் அழைத்தது அதுதான் முதல் தடவை. நான் தலைப்பாகையை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

அரசர் இரக்கமுள்ளவர். "பாவம், நாற்பது சொல் வேண்டாம். ஒரே சொல். யானை. என்னிடம் ஒன்பது யானை இருக்கிறது. தலைக்கு ஒரு பெயராவது இவனுக்குத் தெரிய வேண்டாமா? பத்து நாள் தருகிறேன். சொன்னால் மகள் உள்ளே, தவறினால் அந்த இடம் அடுத்த பிள்ளைக்கு."

ஆணையைப் புலவரே எழுதினார். 'தகப்பன் எவராயினும் விலக்கில்லை. தேர்வுக்கு ஏடு, எழுதிய துணி, எழுதிய உடம்பு எதையும் கொண்டுவரலாகாது.' எழுதிய உடம்பு என்று அவர் சேர்த்தது என்னை நினைத்துத்தான். முழங்கையில் எழுதிக்கொண்டு போகலாம் என்று நான் அதற்குள் யோசித்து வைத்திருந்தேன்.

அப்புறம் நடந்ததுதான் நான் முதலில் சொன்னது. நான் செய்யாத வித்தை இல்லை. துண்டில் ஒன்பது முடிச்சுப் போட்டேன். எந்த முடிச்சு எந்தப் பெயர் என்பது மறந்தது. தாலாட்டு மெட்டில் பாடிப் பார்த்தேன், நான்தான் தூங்கினேன். ஐந்தாம் நாள் செண்பகம் என் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து கேள்வி கேட்டாள்.

"வாரணத்துக்கு அப்புறம் என்னப்பா?"

"இரு கண்ணு. வேழம், களிறு, கரி, கைம்மா, வாரணம்..."

"முதல்லேர்ந்து ஏன் போறீங்க? வாரணத்துக்கு அப்புறந்தானே கேட்டேன்?"

"முதல்லேர்ந்து போனாத்தான் வருது."

"நடுவுல ஒண்ணு மறந்தா?"

"அதோட எல்லாம் நின்னுபோகுது" என்றேன். சொன்னபோது எனக்கே வெட்கமாக இருந்தது.

அவள் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அரண்மனையில பதினெட்டு சமையக்காரங்க. யார் உப்பு அள்ளிப் போடுவாங்க, யார் நெய்யைத் திருடுவாங்கன்னு ஒருத்தர் விடாம தினமும் சொல்றீங்க. அதை மட்டும் எந்தக் குருகிட்ட உருப்போட்டீங்க?"

சிரித்துவிட்டு மறுபடி வேழம் களிறு என்று ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தினேன். சமையல்காரர்களை நான் உருப்போடவே இல்லை. ஒவ்வொருவரையும் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் வேழத்தையோ வாரணத்தையோ பார்த்தது உண்டா? ஓலையில் இருக்கும் எழுத்தைத்தான் பார்த்திருக்கிறேன். தலைக்கு ஒரு பெயர் என்று அரசரே சொல்லியிருந்தார். தலைகள் கொட்டிலில் நிற்கின்றன. நான் ஐந்து நாளாக வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

செண்பகத்தையும் ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் எடுத்துக்கொண்டு யானைக் கொட்டிலுக்குப் போனேன்.

தலைமைப் பாகன் பேச்சிமுத்து என்னை ஏற இறங்கப் பார்த்தான். "என்ன கவியாரே, மனுசங்க சிரிக்கலைன்னு இங்க வந்துட்டீங்களா?"

"பேரு வைக்க வந்திருக்கேன்."

"பேரெல்லாம் இருக்குய்யா இதுகளுக்கு."

"இது என் மக படிப்புக்கு. அஞ்சு நாள் போதும்."

அவன் தோளைக் குலுக்கினான். "பழம் கொடுக்கிறவன் என்ன பேரு வச்சாலும் அதுங்க வரும்."

முதல் யானையிடம் போகுமுன்பே மூன்றாவது யானை தும்பிக்கையை நீட்டி என் துண்டை உருவிக்கொண்டது. செண்பகம் கைதட்டினாள். "அப்பா, இதுதான் கைம்மா! மான்னா விலங்கு. கை உள்ள விலங்கு!" துண்டை இழந்தாலும் ஒரு பெயர் கிடைத்தது.

அப்புறம் எல்லாம் தானாக அமைந்தது. முகம் முழுக்க வெளிர்ப் புள்ளி தெறித்த கிழட்டு யானை புகர்முகம். புகர் என்றால் புள்ளியாம். கீழுதடு தொங்கி, பழத்தில் பாதியைக் கீழே சிந்துவது நால்வாய். நாலுதல் என்றால் தொங்குதல். அடுப்புச் சட்டி நிறத்தில் நின்றது கரி. வாசலில் குறுக்கே நின்று யாரையும் உள்ளே விடாமல் நெற்றியால் தள்ளுவதற்கு வாரணம் என்று வைத்தோம், தடுப்பு என்று அதற்கொரு பொருள் உண்டு என்பதால். ஒன்று பழம் வரும்வரை காலால் தரையை இடித்துக்கொண்டே இருந்தது.

"இது கறையடி" என்றாள் செண்பகம். "கறைன்னா உரல். உரல் மாதிரி கால்."

"உரலா! நான் அழுக்குக் கால்னு நினைச்சிட்டிருந்தேனே."

"அஞ்சு நாளாவா?"

"அஞ்சு நாளாத்தான்."

தந்தம் நீண்ட ஆண் யானை களிறு. எந்நேரமும் கரும்புத் தோகையை மெல்வது வேழம், கரும்புக்கும் அந்தப் பெயர் உண்டு என்பதால். கடைசியாக ஒரு குட்டி மிஞ்சியது, குஞ்சரம் என்ற பெயரும் மிஞ்சியது. ஏன் பொருத்தம் என்று இருவருக்கும் தெரியவில்லை. குட்டியாயிற்றே என்று வைத்துவிட்டோம். புலவர் கேட்டால் என்னை அடித்திருப்பார்.

ஒரு பெயரைச் செய்தவன் முதலில் யானையைப் பார்த்திருக்கிறான் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. ஒருவன் காலைப் பார்த்தான், ஒருவன் முகத்தைப் பார்த்தான், ஒருவன் வாயைப் பார்த்தான். அத்தனை பேர் பார்த்ததையும் ஓலையில் ஒரே வரியாக எழுதினால் எல்லாம் ஒரே சத்தமாகிவிடுகிறது. என்னைப் போன்ற மந்தனுக்கு அந்தச் சத்தம் மட்டும்தான் மிஞ்சும்.

ஐந்து நாளும் காலையில் போய்ப் பெயர் சொல்லிப் பழம் கொடுத்தேன். கொட்டிலுக்குள் நின்றால் ஒன்பதும் வந்தன. வெளியே வந்தால் சொல்லிப் பார்க்கவே பயமாக இருந்தது. அதனால் பத்தாம் நாள், வேறு வழியில்லாமல், யானைகளை அவைக்கு வரச் சொல்லிவிட்டேன்.

நான் கொட்டிலுக்குப் போய் வருவது புலவருக்கும் எட்டியிருந்தது. அவர் யானைகளைத் தடுக்கவில்லை. அரசவை முன்பு வரும் யானை அலங்காரமின்றி வரலாகாது என்று மட்டும் பேச்சிமுத்துவுக்கு உத்தரவு அனுப்பினார். ஒன்பது யானைக்கும் முகத்தை மறைக்கும் முகபடாம் கட்டி, முதுகிலிருந்து முழங்கால்வரை பட்டு விரிப்புப் போர்த்தி, நிற்கும் வரிசையையும் கலைத்து நிறுத்தச் செய்தார். அரண்மனை முற்றத்தில் நான் பார்த்தபோது ஒன்பது பட்டு மூட்டைகள் நின்றன. புள்ளி தெரியவில்லை, கருப்பு தெரியவில்லை. எனக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அரசர் மேல்மாடத்தில் அமர்ந்தார். செண்பகம் பாடசாலைப் பிள்ளைகள் நிற்கும் இடத்துக்கு வெளியே, அதைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு இந்தப்பக்கம் நின்றாள்.

"இதென்ன சாத்தப்பா? தேர்வுக்கு யானையா?" என்றார் அரசர்.

"மகாராஜா, தலைக்கு ஒரு பெயர் சொல்லும்படி உத்தரவு. தலைகளைக் கொண்டுவந்திருக்கிறேன்."

"ஆணைக்கு விரோதம்!" என்றார் ஆதிமூலனார்.

"ஏடு கூடாது, எழுதிய துணி கூடாது, எழுதிய உடம்பு கூடாது. இந்த உடம்புகளில் எழுத்து ஏதும் இல்லை. புலவர் அருகில் வந்து துடைத்துப் பார்க்கலாம்."

புலவர் அருகில் வரவில்லை. அரசர் தாடியைத் தடவிக்கொண்டார். "ஆணையை எழுதியது நீர்தானே? யானை கூடாது என்று நீர் எழுதவில்லையே. சொல்லட்டும்."

புலவர் புன்னகைத்தார். "அவ்வாறே அரசே. அவர் வைத்த பெயர்களை அந்தந்த யானைக்கே சொல்லட்டும்."

களிற்றின் தந்தமும் குட்டியின் உருவமும் தவிர எனக்குத் தெரிந்த அடையாளமெல்லாம் பட்டுக்குள் போய்விட்டது. மிஞ்சியிருந்தது மடியில் இருந்த ஒரு சீப்புப் பழம். முதல் மூட்டையிடம் போய் ஒரு பழத்தை நீட்டினேன். அது வாங்கியது, பாதி கீழே விழுந்தது.

"நால்வாய்" என்றேன்.

அடுத்தது நான் நீட்டும்வரை பொறுக்காமல் தரையை இடித்தது. கறையடி. அடுத்தது பழத்தை விட்டுவிட்டு என் புதுத் துண்டை உருவியது. கைம்மா. ஒன்று என்னை நெற்றியால் தள்ளியது, விழுந்து எழுந்து "வாரணம்" என்றேன். பழம் வாங்க நீண்ட தும்பிக்கையின் கருமை கரியையும், மெதுவாக மெல்லும் கிழட்டு வாய் புகர்முகத்தையும் காட்டிக்கொடுத்தன. இப்படியே ஒன்பதும் சொல்லி முடித்தபோது என்னிடம் பழமும் இல்லை, துண்டும் இல்லை. பேச்சிமுத்து ஒவ்வொரு முகபடாமையும் தூக்கிக் காட்டி, "கவியார் கொட்டிலில் வச்ச பேரு இதுதானுங்க" என்று சாட்சி சொன்னான்.

முற்றம் ஆர்ப்பரித்தது. ஆதிமூலனார் கையை உயர்த்தினார்.

"இது யானையின் அறிவு, இவருடைய அறிவன்று! யானைகளை அனுப்பிவிட்டுக் கேளுங்கள்."

"அதுவும் நியாயம்" என்றார் அரசர். யானைகள் கிளம்பின. முற்றம் காலியாயிற்று. என் தலையும் அதுபோலவே காலியாக இருந்தது.

கயிற்றுக்கு அந்தப்பக்கம் பாடசாலையில் மணி அடித்தது. நாழிகை வட்டில் முழுகியிருக்க வேண்டும். செண்பகம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு, வழக்கம்போல முதலிலிருந்து ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். முதல் பெயர் வரவில்லை. ஆனால் என் தோளில் யாரோ துண்டை உருவுவது போல இருந்தது.

"கைம்மா" என்றேன். கால் இடிக்கும் சத்தம் கேட்டது. "கறையடி." நெஞ்சில் முட்டியது வாரணம். கரும்புத் தோகை நொறுங்கியது, "வேழம்." தந்தத்தின் நீளம் தெரிந்தது, "களிறு." அப்புறம் புகர்முகம், கரி, நால்வாய். குட்டியைத் தேட வேண்டியிருந்தது. அது தாயின் வயிற்றுக்கடியில் நின்றது. "குஞ்சரம்."

"வரிசை தவறு!" என்று கத்தினார் புலவர். "வேழம்தான் முதலில்!"

"எண்ணிக்கை குறையவில்லையே" என்றார் அரசர்.

"மகாராஜா, ஓலையில்தான் இவை ஒரே வரிசையில் நிற்கும்" என்றேன். "நடுவிலிருந்து கேட்டாலும் நான் சொல்கிறேன். புலவரும் நடுவிலிருந்து சொல்லிக் காட்டட்டும். கறையடியிலிருந்து பின்னோக்கி."

எங்கே உடையும் என்று எனக்குத் தெரியும். ஐந்து நாள் அதே இடத்தில் உடைந்தவன் அல்லவா?

ஆதிமூலனார் செருக்கோடு நிமிர்ந்தார். "கறையடி..." என்றார். பிறகு உதடு மட்டும் அசைந்தது. வேழம், களிறு, கரி என்று முதலிலிருந்து முணுமுணுத்து வருவது எல்லோருக்கும் தெரிந்தது. புகர்முகத்தை நெருங்கும்போது அரசர் பெரிதாகத் தும்மினார். புலவர் திடுக்கிட்டு நின்றார். மறுபடியும் உதடு அசைந்தது: வேழம், களிறு...

அரசருக்குச் சிரிப்பு வந்தது. முதலில் தோள் குலுங்கியது, பிறகு ஆசனம் குலுங்கியது. "ஐயா புலவரே, உம்முடைய யானைகளை ஒரே சங்கிலியில் கட்டியிருக்கிறீர்! ஒன்றை அவிழ்க்க ஒன்பதையும் நடத்த வேண்டியிருக்கிறதே!"

கயிற்றை அவிழ்த்துச் செண்பகத்தை உள்ளே விட்டார்கள். எனக்கு என்ன பரிசு வேண்டும் என்று அரசர் கேட்டார். வாழைத்தோட்டம் வேண்டும் என்றேன். பேராசை இல்லை. ஐந்து நாள் பழக்கத்தில், நான் தெருவில் போனால் ஒன்பது யானையும் என்னை மறித்துக்கொள்ளும் நிலை வந்திருந்தது. தோட்டம் கிடைத்தது. அதில் ஒரு பழம்கூட நான் இதுவரை தின்றதில்லை.

முதல் நாள் மாலை செண்பகம் ஓடி வந்தாள். "அப்பா! துளை எவ்வளவு சின்னது தெரியுமா? கடுகு கூடப் போகாது! பெரிசாக்கினா நாழிகை சின்னதாத்தான் ஆகும், கேட்டுட்டேன்!" மூன்று வருடக் கேள்வி ஒரே நாளில் தீர்ந்தது.

ஒரு விஷயத்தை மட்டும் நான் அவையில் சொல்லவில்லை. அடுத்த சித்திரையில் இளவரசிக்கு எட்டு வயது. தகப்பன் எவராயினும் விலக்கில்லை என்று ஆதிமூலனார் தம் கையாலேயே எழுதியிருந்தார். ஆணையில் அரச முத்திரையும் விழுந்திருந்தது. அதை அரசரே ஒரு நாள் படித்துப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது.

பங்குனியில் ஒரு காலை, நான் பழக்கூடையோடு கொட்டிலுக்குப் போனபோது, முகத்தை முக்காட்டால் மூடிய ஒருவர் வாசலில் நின்றார். வாரணம் அவரை நெற்றியால் தள்ளிக்கொண்டிருந்தது. கையில் ஒரு சீப்புப் பழம், காலில் பொன் மிதியடி.

"சாத்தப்பா" என்று மெல்லிய குரலில் அழைத்தார். "எனக்கும் ஒன்பதும் காலையில் இருக்கின்றன. மத்தியானம் எட்டுத்தான் இருக்கின்றன. எப்படியப்பா செய்தாய்?"

நான் ஒரு பழத்தை உரித்து அவர் கையில் கொடுத்தேன்.

"பெயரைப் பெயரோடு கட்டாதீர்கள், மகாராஜா. ஒவ்வொரு பெயரையும் அதனதன் யானையோடு கட்டுங்கள். பிறகு யானையை நினைத்தால் போதும், பெயர் தானாக வரும்."